பணமிருக்கும் புறநகர், ஆளில்லாத வளாகம்

வசதியான புறநகர்களில் உள்ள உயர்ரக வணிக வளாகங்களுக்குக் கூட்டம் வராதது ஏன் என்று ஒரு வாசகர் அண்மையில் கேட்ட கேள்வியைத் தொடர்ந்து, அதே பொருளில் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் குடியிருப்பவர், ஒருவர் கடை நடத்துபவர், ஒருவர் கட்டடக்கலை மாணவர். ஒரே இடத்தை வெவ்வேறு வாசல்களில் நின்று பார்க்கும் கேள்விகள் என்பதால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் புறநகரில் வசதியான குடும்பங்களே அதிகம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பளிங்குத் தரையும் உயர்ரக பிராண்டுகளுமாக ஒரு வணிக வளாகம் திறந்தார்கள். இன்றுவரை கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் பணமிருந்தும் வாடிக்கையாளர் வராதது ஏன்? (புறநகர்க் குடியிருப்பாளர் ஒருவர்)

பதில்: உங்களை வியக்க வைக்கும் இதே கணக்கைத்தான் அந்த வளாகத்தைக் கட்டியவர்களும் போட்டிருப்பார்கள். சுற்றியுள்ள வீடுகள் எத்தனை, அவற்றின் சராசரி வருமானம் எவ்வளவு, அதில் துணிமணிக்கும் நகைக்கும் அழகுப் பொருள்களுக்கும் செலவாவது எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் தாளில் பெரிய தொகை வரும். அந்தப் பெருக்கலில் விடுபடுவது ஒன்று: ஒருவர் ஆண்டுக்கு எத்தனை முறை வீட்டை விட்டுப் புறப்பட்டு அந்த வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது என்பது. வருமானம் பெருகினால் வாங்கும் கைக்கடிகாரத்தின் விலை பெருகும். கைக்கடிகாரம் வாங்கப் போகும் தடவைகள் பெருகுவதில்லை. எவ்வளவு வசதி இருந்தாலும் மணிக்கட்டு இரண்டுதானே.

ஒரு பொருள் எவ்வளவு அரிதாக வாங்கப்படுகிறதோ, அதை விற்கும் கடைக்கு அவ்வளவு பரந்த மக்கள்தொகை வேண்டும். ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் இதை முறைப்படுத்தி எழுதினார். கடை பிழைப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வாடிக்கையாளர் எண்ணிக்கை என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று உண்டு. அதை வாங்குவதற்காக மக்கள் பயணப்படச் சம்மதிக்கும் தொலைவு என்றும் ஒன்று உண்டு. மளிகைக்கு இரண்டும் சிறியவை, நகைக்கு இரண்டும் பெரியவை. அதனால்தான் விலை உயர்ந்த பொருள்களை விற்கும் கடைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் எளிதில் வந்துசேரக்கூடிய மையத்தில் நெடுங்காலமாகக் கூடி நின்றன. புறநகர் என்பதோ பெயரிலேயே ஓரம். அதன் ஒரு பக்கத்தில் பெருநகரம் இருக்கிறது, மறுபக்கத்தில் பெரும்பாலும் வெற்று நிலம் இருக்கிறது. வாடிக்கையாளரை இழுக்க அதற்குக் கிடைப்பது அரை வட்டம், அதிலும் பாதி காலி.

அந்த அரை வட்டத்திலும் நகரம் குறுக்கே வருகிறது. அமெரிக்கரான வில்லியம் ரெய்லி 1931-இல் வகுத்த விதி ஒன்று சில்லறை வணிகப் படிப்பில் இன்றும் இருக்கிறது: ஓர் இடத்தின் ஈர்ப்பு அதன் அளவுக்கு ஏற்பக் கூடும், தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நகரங்களின் மக்கள்தொகையை வைத்து அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் கடைகளின் பரப்பளவுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். உங்கள் வளாகத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே 20 கிலோமீட்டர் என்றும், நகர மையத்தின் கடைப்பரப்பு ஒன்பது மடங்கு என்றும் வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு சமமாகும் புள்ளி உங்கள் வளாகத்திலிருந்து 5 கிலோமீட்டரில் விழுகிறது. அதற்கு அப்பால் இருப்பவர் நகரத்தை நோக்கியே திரும்புகிறார். 20 கிலோமீட்டரில் 15 நகரத்துக்குச் சொந்தம்.

மிஞ்சும் அந்த 5 கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள்? 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 10,000 பேர் நெருங்கி வாழும் பகுதியானால் அதற்குள் 7,80,000 பேர்; தோட்டமும் சுற்றுச்சுவரும் உள்ள தனி வீடுகளாக 1,000 பேர் மட்டும் வாழும் பகுதியானால் 78,000 பேர். வசதியான புறநகரை வசதியாக்குவதே அந்த இடைவெளிதான். பணக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. போதுமான எண்ணிக்கையில் இல்லை என்பதும் உண்மை. போதாக்குறைக்கு, அடிக்கடி பயணம் செய்யும் வழக்கமும் எந்தக் கடையிலும் வாங்கும் ஆற்றலும் அவர்களுக்கே அதிகம். வீட்டருகே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் ஊரிலேயே இல்லாதவர்கள் யாரோ, அவர்களை நம்பித்தான் அந்த வளாகம் கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே அந்த வளாகம் இரண்டு வேலைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வாரம் இருமுறை வந்துபோக அதில் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தேடிப் போக அது பெரிதாகவும் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதி வளாகத்தில் சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. ஆனாலும் வியாபாரமே இல்லை என்று கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். எதை நம்புவது? (அடிக்கடி அங்கே போகும் ஓர் இளைஞர்)

பதில்: இரண்டையும் நம்பலாம். அடுத்த முறை போகும்போது வாசலருகே நின்று, வெளியே வருபவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். எத்தனை கைகளில் பை இருக்கிறது என்று எண்ணினால் கடைக்காரரின் புலம்பல் புரிந்துவிடும். திரையரங்குக்கு வருபவர் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி, லிஃப்டில் ஏறி, நேரே மேல்தளத்தில் இறங்குகிறார். படம் முடிந்ததும் அதே லிஃப்டில் வண்டிக்குத் திரும்புகிறார். நடுவில் உள்ள தளங்கள் அவருக்கு வெறும் எண்கள். வாசலில் உள்ள எண்ணும் கருவி அவரையும் வருகையாளராகவே பதிவு செய்கிறது. வாடகை பேசும்போது அந்த எண்ணிக்கை கடைக்காரர் முன் வைக்கப்படுகிறது. கூட்டம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். சனி, ஞாயிறு மாலைகளில் வரும் கூட்டத்தை நம்பி ஏழு நாளும் விளக்கெரித்து, ஆள் வைத்து, குளிரூட்டிக் கடை நடத்த வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன், வேண்டியதை வாங்கும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த வளாகத்தில் உள்ள கடைகளின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக் கூச்சமாக இருக்கிறது. இது என் குறையா? (மூத்த வாசகி ஒருவர்)

பதில்: உங்கள் குறை இல்லை, அம்மா. அந்த இடம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வார நாளில், மதியம் மூன்று மணிக்கு, இப்படிப்பட்ட ஒரு வளாகத்துக்குள் சற்றுநேரம் சுற்றினேன். நகரும் படிக்கட்டு நின்றிருந்தது. பழுதாகிவிட்டது போலும் என்று நினைத்து முதல் படியில் கால் வைத்ததும், தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல் ஒரு முனகலுடன் அது ஓடத் தொடங்கியது. ஆள் வந்தால் மட்டும் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அந்த ஓசைக்கு மேல்தளத்தில் மூன்று கடைகளிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கடை வாசலில் நின்று, காட்சியில் இருந்த ஒரு கைப்பையைக் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே கைப்பேசியில் ஆழ்ந்திருந்த விற்பனையாளர் அதைச் சட்டென்று மறைத்துவிட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்து, புன்னகைத்தார். அந்தக் கணத்தில் எனக்கு வந்த எண்ணம் கைப்பையைப் பற்றியது அல்ல. இவரை எழுப்பிவிட்டோம், இனி எதையாவது வாங்காமல் எப்படி வெளியேறுவது என்பது. நானும் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்து, யாரோ அழைப்பதுபோல் நடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அழைப்பு ஒன்றும் வரவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

கூட்டமுள்ள கடையில் வாடிக்கையாளருக்கு மறைந்துகொள்ள இடம் உண்டு. எடுத்துப் பார்க்கலாம், விலையைத் திருப்பிப் பார்க்கலாம், வைத்துவிட்டுப் போகலாம், ஒருவரும் கவனிப்பதில்லை. ஆளில்லாத கடையில் நுழைபவர் வாடிக்கையாளராக இல்லாமல் விருந்தாளியாகிவிடுகிறார், விருந்தாளிக்குரிய தயக்கங்களும் அவருக்கு வந்துவிடுகின்றன. வெறுமை அடுத்த ஆளையும் இப்படித்தான் விரட்டுகிறது. நியூயார்க் நகரத்தின் பொதுச் சதுக்கங்களை 1970-களில் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் ஒய்ட், மக்களை அதிகம் ஈர்ப்பது மற்ற மக்களே என்றும், உட்கார இடமுள்ள சதுக்கங்களிலேயே அவர்கள் தங்குகிறார்கள் என்றும் கண்டார். அன்று நான் சுற்றிய வளாகத்தில், ஒரு பொருளும் வாங்காமல் உட்காரத்தக்க இருக்கை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கால் வலித்தால் எங்காவது பணம் கொடுத்துத்தான் உட்கார வேண்டும்.

கேள்வி: இத்தகைய வளாகம் ஒன்றில் சிறிய துணிக்கடை நடத்துகிறேன். என் இருபுறமும் உள்ள கடைகள் ஓராண்டாகக் காலி. வாடகையைக் குறைக்கக் கேட்டால் உரிமையாளர் நிர்வாகம் அசைவதாக இல்லை. காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த வாடகை வருவது அவர்களுக்கு நல்லதல்லவா? (கடை நடத்தும் வாசகி)

பதில்: மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்காது என்பதுதான் இங்கே நடப்பது. ஆனால் அதில் பிடிவாதத்தைவிடக் கணக்கு அதிகம்.

வீட்டைப்போலக் கல்லையும் இடத்தையும் மட்டும் வைத்து ஒரு வணிக வளாகத்தை மதிப்பிடுவதில்லை. செலவு போக அது ஈட்டும் ஆண்டு வருமானத்தை ஒரு வட்டி விகிதம் போன்ற எண்ணால் வகுத்து மதிப்பிடுகிறார்கள். நிகர ஆண்டு வாடகை 100 என்றும் அந்த விகிதம் 8 விழுக்காடு என்றும் கொண்டால் கட்டடத்தின் மதிப்பு 1,250. வங்கி அதில் 60 விழுக்காடு, அதாவது 750, கடன் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை 80-ஆகக் குறைத்தால் மதிப்பு 1,000-க்கு இறங்கும். அதில் 60 விழுக்காடு 600 மட்டுமே. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் பேசும் நாளில் மீதி 150-ஐ உரிமையாளர் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டி வரலாம். வாடகையில் 20 குறைந்ததன் விளைவு இது.

காலிக் கடையும் வருமானத்தைக் குறைக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். குறைக்கிறது, ஆனால் அதற்கு விரைவில் ஆள் வந்துவிடும், வந்தால் பழைய வாடகைதான் என்று மதிப்பீட்டில் எழுதிக்கொள்ள இடமிருக்கிறது. குறைந்த வாடகையில் கையெழுத்தான ஒப்பந்தமோ அழிக்க முடியாத ஆவணமாகிவிடும். உங்களுக்குக் கொடுத்த விலையை அடுத்த மாதமே மற்ற எல்லாரும் கேட்பார்கள். ஆகையால் நிர்வாகங்கள் வாடகை எண்ணைத் தொடாமல், முதல் சில மாதங்களுக்கு வாடகை வேண்டாம் என்றோ, உள்ளலங்காரச் செலவில் ஒரு பங்கைத் தருகிறோம் என்றோ சுற்றி வளைத்துச் சலுகை தருவதைப் பார்க்கிறோம். நீங்களும் அந்த வழியில் கேட்டுப் பாருங்கள். வாடகையைக் குறையுங்கள் என்பதைவிட அது எளிதில் காதில் விழும்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். ஒன்று, விற்பனையோடு இணைந்த வாடகை. அடிப்படை வாடகை ஆண்டுக்கு 60, விற்பனையில் பங்கு 6 விழுக்காடு என்று வைத்தால், விற்பனை 1,000-ஐத் தாண்டிய பிறகே கூடுதல் வாடகை தொடங்கும். அடிப்படையைத் தாழ்த்தி விழுக்காட்டை உயர்த்தக் கேட்டால், கூட்டம் வராத நட்டத்தில் உரிமையாளரும் பங்காளியாகிறார். மற்றொன்று, வளாகத்துக்குக் கூட்டத்தை இழுத்துவரும் பெருங்கடை மூடப்பட்டாலோ குறிப்பிட்ட அளவுக்குமேல் கடைகள் காலியானாலோ உங்கள் வாடகை தானாகக் குறையவும், அந்நிலை நீடித்தால் நீங்கள் விலகிக்கொள்ளவும் இடமளிக்கும் விதி. பெரிய பிராண்டுகள் பல இதைக் கேட்டு வாங்கியிருக்கும். உங்களைப் போன்றவர்கள் கேட்பதில்லை. இதில் ஒரு கெடுதலும் உண்டு: ஒரு பெருங்கடை போனால் அந்த விதியைக் காட்டி அடுத்தவர், அவரைக் காட்டி அடுத்தவர் என்று சீட்டுக்கட்டாகச் சரிந்த வளாகங்கள் பல.

அந்தப் பெருங்கடை உங்களைவிட மிகக் குறைந்த வாடகையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் கோபப்பட வேண்டாம். அமெரிக்க வளாகங்களை ஆராய்ந்து பீட்டர் பாஷிஜியனும் எரிக் கூல்டும் 1998-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்கியது: கூட்டத்தை இழுத்துவரும் கடைக்குச் சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகை, அந்தக் கூட்டத்தை அண்டிப் பிழைக்கும் சிறிய கடைக்கு உயர்ந்த வாடகை. உங்கள் வாடகையில் ஒரு பகுதி உண்மையில் அடுத்த கடைக்கு வரும் கூட்டத்துக்கான கட்டணம். கூட்டமே வராதபோது அந்தப் பகுதியை எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கேட்கும்போது இந்த வாதத்தையே வையுங்கள்.

கேள்வி: இது கட்டடத்தின் தவறா? நல்ல வடிவமைப்பு கூட்டத்தைக் கொண்டுவராதா? (கட்டடக்கலை மாணவர்)

பதில்: நல்ல வடிவமைப்பு கூட்டத்தைக் கொண்டுவராது, வந்த கூட்டத்தை வீணாக்காமல் இருக்கும். மோசமான வடிவமைப்போ வந்ததையும் கொட்டிவிடும்.

மூடிய கூரையும் குளிரூட்டலும் கொண்ட புறநகர் வளாகத்தின் முன்மாதிரி, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்கு வெளியே ஈடைனா என்னும் புறநகரில் 1956-இல் திறக்கப்பட்ட சௌத்டேல். அதை வடிவமைத்தவர் வியன்னாவிலிருந்து குடிபெயர்ந்த விக்டர் க்ரூயன். ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு பெருங்கடைகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, இடையே சிறுகடைகளையும் நடுவே செடிகள் சூழ்ந்த முற்றத்தையும் அவர் அமைத்தார். ஒரு பெருங்கடைக்கு வந்தவர் மற்றதற்கு நடந்துபோகும் வழியில் சிறுகடைகளுக்குப் பிழைப்பு. இன்றுவரை வளாகங்களின் எலும்புக்கூடு இதுதான். உங்கள் ஊர் உயர்ரக வளாகங்களில் பலவற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். இரண்டு முனைகளிலும் இழுக்கும் பொருள் இருக்கிறதா, அல்லது ஒரு முனையில் மட்டும் இருந்து மறுமுனை குருட்டுச் சந்தாக முடிகிறதா? வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வரும் வாசல் எந்தத் தளத்தில் திறக்கிறது? மக்கள் இறங்கச் சம்மதிப்பதுபோல் ஏறச் சம்மதிப்பதில்லை என்பது வளாகம் கட்டுபவர்களின் பழைய பாடம். அதை அறிந்தவர்கள் மேல்தளத்துக்கே நேரடி வாசல் வைத்தார்கள். உயர்ரக வளாகங்களில் வேறொரு தொல்லையும் உண்டு: ஆடம்பரமாகத் தெரிய வேண்டும் என்று நடைபாதையை அகலமாக்கிவிடுவார்கள். எதிர்வரிசைக் கடையின் காட்சி கண்ணுக்கு எட்டாத அகலமானால், நடப்பவர் ஒரு வரிசையை மட்டுமே பார்க்கிறார். நூறு பேர் நடந்தாலும் பத்துப் பேர் நடப்பதுபோல் தெரிகிறது.

க்ரூயனின் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் கட்டாமல் விட்டதைத்தான். சௌத்டேலைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி, பூங்கா, ஏரி என ஒரு முழுச் சிறுநகரத்தையே அவர் வரைந்திருந்தார். வளாகம் அதன் நடுக்கூடமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கட்டப்பட்டதோ நடுக்கூடமும் அதைச் சூழ்ந்த கார் நிறுத்துமிடமும்தான். தன் பெயரால் உலகெங்கும் எழுந்த வளாகங்களைப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே கைகழுவினார். 1968-இல் அவர் வியன்னாவுக்குத் திரும்பிவிட்டார்.

கேள்வி: கூட்டம் வராது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரியுமானால், ஏன் கட்டுகிறார்கள்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கடைக்கு வரும் கூட்டம் ஒன்றுதான் கட்டுவதற்குக் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் 1954-இல் வந்த வரிச் சட்டம், புதிய வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தை, அதாவது பழசாவதால் குறையும் மதிப்பை, வருமானக் கணக்கிலிருந்து தொடக்க ஆண்டுகளிலேயே பெருமளவு கழித்துக்கொள்ள இடமளித்தது. தாளில் நட்டம் காட்டி மற்ற வருமானத்தின் மீதான வரியைக் குறைக்க முடிந்ததால், மக்கள் குடியேறும் முன்பே மலிவான ஓர நிலங்களில் வளாகங்கள் முளைத்தன. வேறு இடங்களில் வேறு காரணங்கள் இருக்கும்: நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கை, அருகில் விற்கப்போகும் வீடுகளுக்கு வளாகம் ஒரு விளம்பரம், அல்லது வெறும் பெருமிதம். சீனாவின் டோங்குவான் நகரில் 2005-இல் திறக்கப்பட்ட நியூ சௌத் சைனா மால் உலகின் மிகப் பெரிய வளாகங்களில் ஒன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கான இடம் கொண்டது. எளிதில் வந்துசேரும் வழியும் அந்த அளவுக்கு வாங்கும் மக்களும் அருகில் இல்லாததால், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதன் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்களா? சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: எல்லாரும் இணையத்தில் வாங்கத் தொடங்கிவிட்டதுதானே உண்மையான காரணம்? (கல்லூரி மாணவி)

பதில்: ஒரு காரணம், முதற்காரணம் அல்ல. அமேசான் நிறுவனம் தொடங்கியது 1994-இல். அமெரிக்காவின் ஹார்வி என்னும் புறநகரில் 1966-இல் திறந்த டிக்ஸி ஸ்கொயர் வளாகம் 1978-இலேயே மூடப்பட்டுவிட்டது. இணையம் வருவதற்கு முன்பே வளாகங்கள் செத்துக்கொண்டுதான் இருந்தன. இணையம் செய்தது என்னவென்றால், ஏற்கெனவே காரணம் குறைவாயிருந்த பயணத்திலிருந்து மீதமிருந்த காரணத்தையும் உருவிக்கொண்டது. போட்டுப் பார்க்க வேண்டிய உடைக்கும் தொட்டுப் பார்க்க வேண்டிய துணிக்கும் இன்னும் கடை வேண்டும். பெயரும் எண்ணும் தெரிந்த பொருளுக்கு வேண்டியதில்லை. உயர்ரக வளாகங்களில் உள்ளவை பெரும்பாலும் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரியாக விற்கும் பிராண்டுகள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தை வளாக நிர்வாகம் அழைத்து, என்ன செய்தால் வருவீர்கள் என்று கேட்டிருக்கிறது. இன்னும் நல்ல பிராண்டுகளைக் கொண்டுவரச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர். இன்னொரு திரையரங்கு கேட்கலாம் என்கிறார்கள் சிலர். உங்கள் கருத்து என்ன? (சங்கச் செயலாளர் ஒருவர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை போகும் கடைகள் முப்பது இருக்குமிடத்தில் முப்பத்தொன்றாவதைச் சேர்ப்பதால் உங்களில் எவரும் கூடுதலாக ஒருமுறைகூட வீட்டை விட்டுப் புறப்படப் போவதில்லை. நிர்வாகத்தைச் சந்திக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் சென்ற வாரம் எந்தெந்த வேலைக்காக வெளியே போனார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மருந்து, மளிகை, முடிவெட்டு, வங்கி, பல் மருத்துவர், செருப்புத் தைப்பவர், பிள்ளைகளின் பாட்டு வகுப்பு என்று அந்தப் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் எவையெல்லாம் வளாகத்துக்குள் இல்லையோ அவைதாம் உங்கள் கோரிக்கைகள்.

வாடகை தாங்காத சிறு தொழில்கள் அவை என்று நிர்வாகம் பதில் சொல்லும். கூட்டத்தை இழுப்பவருக்குக் குறைந்த வாடகை என்ற பழைய விதி இவர்களுக்கும் பொருந்தாதா என்று அப்போது கேளுங்கள். காலியான இடத்தில் கடையே வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் என்ற வளாகம் தளர்ந்துபோன பிறகு, வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் அதன் மேல்தளத்தில் 2009-இல் புறநோயாளிகளுக்கான மருத்துவப் பிரிவுகளைத் திறந்தது. மருத்துவரைப் பார்க்க வருபவருக்கு வண்டி நிறுத்த இடமும் எளிய வாசலும் முன்பே தயாராக இருந்தன. கொலராடோ மாநிலத்தின் லேக்வுட் என்னும் புறநகரில் 1966 முதல் இயங்கிய வில்லா இத்தாலியா வளாகத்தை 2001-இல் மூடி இடித்துவிட்டு, அதே நிலத்தில் தெருக்களும் வீடுகளும் அலுவலகங்களும் கலந்த பெல்மார் என்ற பகுதியை 2004 முதல் எழுப்பினார்கள். க்ரூயன் வரைந்து கட்டாமல் விட்ட வீடுகளை, சற்றேறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறு ஒருவர் வேறு ஒரு புறநகரில் கட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தை உங்கள் நிர்வாகத்திடம் இன்றே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு தளத்தில் மருத்துவப் பிரிவோ நூலகமோ வரலாமா என்று கேட்பதில் தவறில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பியிருந்த வரைபடத்தில் உங்கள் குடியிருப்பின் கடைசித் தெருவும் வளாகத்தின் பின்சுவரும் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கின்றன. இடையே ஒரு சுவர்தான். ஆனால் நடந்து போக வேண்டுமானால் பிரதான சாலைக்கு வந்து, நடைபாதை இல்லாத அந்தச் சாலையில் சுற்றி, கார்கள் நுழையும் சரிவுப் பாதை வழியே ஏற வேண்டியிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களும் அதனால் வண்டியை எடுக்கிறார்கள், வண்டியை எடுத்தபின் நகரத்துக்கே போய்விடுகிறார்கள். பின்சுவரில் ஆள் நடந்து போகும் அளவுக்கு ஒரு வாசலும், இரவு ஒன்பதரை வரை அங்கே ஒரு காவலாளியும் கேளுங்கள். பிராண்டுகளைப் பற்றிய பேச்சைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டால் வாசலுக்குத் திரும்ப நேரமிருக்காது.